மடைப்பள்ளி ஹீட்டரில் காணாமல் போன 15 வோல்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பர்மாவின் பெகு வட்டாரத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஓர் ஊரின் அம்மன் கோயிலில் நடந்தது இது. கோயில் பெயரும் ஆட்கள் பெயரும் இங்கே வேண்டாம். நான் அந்தப் பக்கம் வயரிங் வேலை செய்பவன். கோயிலில் எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆடி வெள்ளிதோறும் அங்கே கூழ் ஊற்றி, மதியம் அன்னதானம் போடுவது வழக்கம். கீழ்ப் பர்மாவில் ஆடி என்றால் அடைமழைக் காலம். விறகு நனைந்துபோய்ப் புகையும், அடுப்பு பிடிக்காது. அதனால் மூன்று வருடத்துக்கு முன்பு, வெந்நீருக்கு மட்டும் கரண்டில் ஓடும் 60 லிட்டர் எவர்சில்வர் கொப்பரை ஒன்றை வைத்தார்கள். அதற்குள் இரண்டு காயில், அதாவது சூடேற்றும் கம்பிச் சுருள். ஒவ்வொன்றிலும் 230 வோல்ட், 2,000 வாட் என்று பொறித்திருக்கும். கூழுக்கும், அரிசி உலைக்கும், கடைசியில் பாத்திரம் கழுவவும் அந்தத் தண்ணீர்தான்.

மெயின் போர்டு மண்டபத்தில் இருக்கிறது. அங்கிருந்து மடைப்பள்ளிக்கு வயர் 40 மீட்டர் போகிறது. மடைப்பள்ளி முன்பு மண்டபத்தை ஒட்டியே இருந்தது, அப்போது இழுத்த 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் 28 மீட்டர்தான். பிறகு மடைப்பள்ளியைப் பின்னால் தள்ளிக் கட்டியபோது, கையில் மிச்சம் இருந்த 4 சதுர மி.மீ. அலுமினிய வயரை 12 மீட்டருக்கு ஒட்டுப் போட்டு நீட்டியிருக்கிறார்கள். யார் போட்டது என்று விசாரிக்கவில்லை. அந்த ஒட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. கதையின் முடிச்சு அங்கேதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கரண்ட் முறை வைத்துத்தான் வரும், போகும். வந்ததும் தெருப் பிள்ளைகள் "மீ லாபி!" (கரண்ட் வந்திருச்சு) என்று பர்மிய மொழியில் கத்துவார்கள். அடுத்த நிமிடமே ஊர் முழுவதும் சோற்றுப் பானை, தண்ணீர் மோட்டார், பேட்டரி சார்ஜர் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். வோல்டேஜ் இறங்கும். இது ஊரறிந்த விஷயம். அதனால் எந்த மின்சாரப் பழுது வந்தாலும் "வோல்டேஜ் கம்மி" என்று சொல்லி முடித்துவிடுவது எல்லோருக்கும் பழகிப்போனது. எனக்கும்தான்.

முதல் புகார், முதல் தவறு

ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு, மடைப்பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஆள் அனுப்பினார். நான் போனதும், "தம்பி, தண்ணி கொதிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இப்போ ரெண்டு மணி நேரம் ஆகுது. ஹீட்டரைப் போட்டா இந்த மஞ்ச பல்பும் சோர்ந்து போகுது, ஃபேனும் மெதுவாச் சுத்துது. மண்டபத்துல ஒண்ணும் ஆகலை" என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஹீட்டரைப் போட்டால் மடைப்பள்ளியில் மட்டும் வெளிச்சம் குறைகிறது என்றால், மண்டபத்துக்கும் மடைப்பள்ளிக்கும் நடுவே ஏதோ வோல்ட்டைத் தின்கிறது என்று பொருள். நான் அதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. மண்டபத்தில் இருப்பது எல்லாம் எல்.ஈ.டி. பல்பு. நல்ல எல்.ஈ.டி. வோல்டேஜ் இறங்கினாலும் ஒரே அளவாக எரியும். மடைப்பள்ளியில் இருப்பது பழைய இழை பல்பு, அது கொஞ்சம் இறங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இரண்டு இடத்தையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பல்பைப் பற்றிய அந்த எண்ணம் சரிதான். ஆனால் மடைப்பள்ளி ஃபேனும் மெதுவாகிறது என்று அக்கா சொன்னதற்கு அதில் பதில் இல்லை.

அன்று செய்தது இரண்டே சோதனை. ஹீட்டரை அணைத்துவிட்டு மடைப்பள்ளி பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தேன். 212 வோல்ட். எங்கள் ஊருக்கு அது நல்ல வோல்டேஜ். பிறகு காயிலைக் கழற்றித் தடையை அளந்தேன். ஒன்று 26.3 ஓம், மற்றது 26.6 ஓம். காயில் இரண்டிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அதைப் பார்த்து, காயில் கெட்டுவிட்டது என்று புதிது மாற்றச் சொன்னேன்.

கையில் இருந்த எண்களை அங்கேயே வகுத்துப் பார்த்திருந்தால் காயிலுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்கும். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் 26.4 ஓம். காயிலில் பொறித்தது என்ன சொல்கிறதோ, மீட்டரும் அதையே சொன்னது. உப்புப் படிவு காயிலின் ஆயுளைக் குறைக்கும், காயிலை அளவுக்கு மீறிச் சூடாக்கும். ஆனால் அது இழுக்கும் வாட்டைக் குறைக்காது. தடை மாறாதபோது வாட் எப்படி மாறும்?

புதுக் காயில் இரண்டும் போட்டோம். முதல் வெள்ளி அன்றும் தண்ணீர் கொதிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கோயில் பணம் வீண்.

இரண்டாம் வெள்ளி: வாசனை

அடுத்த வெள்ளி காலை பத்து மணி வாக்கில், தாழ்வாரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு ரப்பர் கருகும் வாடை அடித்தது. முதலில் பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. ஹீட்டரை அணைத்தார், கால் மணி நேரத்தில் வாடை போனது. மறுபடி போட்டார், வாடை வந்தது. உடனே அணைத்துவிட்டு, மிச்சத் தண்ணீரை விறகில் காய்ச்சச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். ஆம்பியர் அளவு மீறினால் தானாக அணையும் பிரேக்கர் விழவில்லை. அவர் அணைக்காமல் விட்டிருந்தால் அதுவாக விழுந்திருக்காது என்பது மறுநாள்தான் எனக்கே புரிந்தது.

இதற்கிடையில் கமிட்டியில் வேறொரு பேச்சு முடிந்திருந்தது. காயில் மாற்றியும் குணம் தெரியாததால், வோல்டேஜ்தான் காரணம் என்று முடிவு செய்து, 5 கே.வி.ஏ. வோல்டேஜ் ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்றை மடைப்பள்ளியில் வைப்பது என்று பேசியிருந்தார்கள். ஓர் உபயதாரர் பணமும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வாங்கப் போவதாகச் செயலாளர் ஐயா சொன்னார். "சனிக்கிழமை மட்டும் எனக்குக் கொடுங்க ஐயா, அளந்து சொல்றேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை: லோடு ஓடும்போது அளந்தது

நம் பேச்சில் 'கரண்ட்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். கரண்ட் இல்லை என்றால் சப்ளை இல்லை. கரண்ட் கம்மி என்றால் வோல்டேஜ் கம்மி. கரண்ட் அடித்தது என்றால் ஷாக். இந்தப் பேச்சில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாகிப்போகின்றன. முதல் தடவை நான் செய்த தவறின் வேரும் இதுதான். ஹீட்டர் ஓடாதபோது வோல்ட்டை மட்டும் பார்த்தேன். ஓட்டம் இல்லாத வயரில் தடை எவ்வளவு இருந்தாலும் வோல்ட் இறங்காது. வாயைப் பொத்திய குழாயில் மடிப்பு இருப்பது தெரியுமா? தண்ணீர் ஓடினால்தானே தெரியும்.

அதனால் அன்று ஹீட்டரை ஓடவிட்டு, இரு முனையிலும் ஒரே சமயத்தில் அளந்தோம். மெயின் போர்டில் நான், மடைப்பள்ளியில் என்னோடு வேலை பழகும் தம்பி. ஆளுக்கொரு மல்டிமீட்டர். ஆம்பியருக்கு என் கிளாம்ப் மீட்டர். அதன் வாய்க்குள் ஒரு வயர்தான் வர வேண்டும். போகும் வயரும் வரும் வயரும் சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஒன்றை ஒன்று அழித்துப் பூஜ்ஜியம் காட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஹீட்டரை ஓட விடுவதில்லை என்றும் முதலிலேயே பேசிக்கொண்டோம்.

கிடைத்த எண்கள் இவை. ஹீட்டர் ஓடாதபோது போர்டில் 212 வோல்ட். ஹீட்டரைப் போட்டதும் போர்டில் 206. அதே நொடியில் மடைப்பள்ளியில் 191. ஆம்பியர் 14.4.

மண்டபத்தில் ஒரு அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டேன். செயலாளர் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நான்கே வரி.

கொப்பரையின் தடை: 191 ÷ 14.4 = 13.26 ஓம். 26.4 ஓம் காயில் இரண்டு பக்கம்பக்கமாக இருந்தால் பாதி, அதாவது 13.2 வர வேண்டும். வந்திருக்கிறது. ஹீட்டர் நன்றாக இருக்கிறது.

கொப்பரைக்குப் போகும் திறன்: 191 × 14.4 = 2,750 வாட். பொறித்திருப்பது 4,000 வாட்.

வழியில் தொலைந்த வோல்ட்: 206 − 191 = 15. அந்த வழியின் தடை: 15 ÷ 14.4 = 1.04 ஓம்.

வழியில் வெப்பமாகும் திறன்: 15 × 14.4 = 216 வாட்.

ஐயா இரண்டாவது வரியில் நின்றார். "வோல்டேஜ் ஆறில் ஒரு பங்குதானே குறைஞ்சிருக்கு, சூடு மட்டும் எப்படி மூணில் ஒரு பங்கு குறையுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வோல்ட் குறைந்தால் அதே தடையில் ஆம்பியரும் அதே விகிதத்தில் குறைகிறது. திறன் இரண்டின் பெருக்கல், அதனால் அடி இரண்டு முறை விழுகிறது. 191-ஐ 230-ஆல் வகுத்தால் 0.83. அதை அதனாலேயே பெருக்கினால் 0.69. 4,000 வாட்டில் 0.69 பங்கு ஏறக்குறைய 2,760. நாங்கள் அளந்ததும் அதுதான்.

60 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 16,800 கிலோ ஜூல் வேண்டும். 4,000 வாட்டில் அது 70 நிமிடம், 2,750 வாட்டில் 102 நிமிடம். பாத்திரத்திலிருந்து காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால் அக்கா சொன்ன ஒன்றேகால் மணியும் இரண்டு மணியும் அப்படியே வந்து நிற்கின்றன. அவர் கடிகாரம் பார்த்துச் சொன்ன நேரம் மீட்டருக்கு ஈடாக இருந்தது.

இந்தப் பெருக்கல் ஹீட்டருக்கு நேராகப் பொருந்தும். பக்கத்தில் இருக்கும் மாவரைக்கும் கிரைண்டர் மோட்டாரில் இதே மாதிரி வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது உண்மையான வாட்டைவிடக் கூடுதலாக இருக்கும். மோட்டாரில் பவர் ஃபேக்டர் என்ற, ஒன்றுக்கும் குறைவான எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

அரை ஓம் எங்கே?

வழியில் 1.04 ஓம் இருக்கிறது. இருக்க வேண்டியது எவ்வளவு? செம்பில் ஒரு சதுர மி.மீ. கனத்துக்கு ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம். போக 28, வர 28, ஆக 56 மீட்டர். 0.0172 × 56 ÷ 2.5 = 0.385. அலுமினியத்துக்கு 0.0283. 24 மீட்டர், 4 சதுர மி.மீ. என்றால் 0.17. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.55 ஓம். வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தபோதுதான் பாதியில் அலுமினியம் தொடங்குவதைக் கண்டோம். கண்டுவிட்டுத்தான் இந்தக் கணக்கையே போட்டேன். ஆக, கூடுதலாக ஏறக்குறைய அரை ஓம்.

செம்பும் அலுமினியமும் சேரும் இடம் தகரக் கூரைக்குக் கீழே, மரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மழை படக் கூடாது என்று யாரோ அக்கறையாகத் தண்ணீர் பாட்டிலை வெட்டி அதன்மேல் சொருகியிருந்தார்கள். பாட்டிலுக்குள் சொட்டுச் சொட்டாக ஈரம் வேர்த்திருந்தது. போகும் வயரான ஃபேஸின் ஒட்டு மேல் சுற்றிய டேப் டேப்பாகவே இல்லை. உருகி, இறுகி, அடிபிடித்த பாகு மாதிரி ஒரு கட்டி. பாட்டிலின் ஒரு பக்கம் சுருங்கி உள்ளே ஒட்டியிருந்தது. அதற்கு நேரே சட்டத்தில் ஒரு காசு அளவுக்குக் கரி. விரலால் தேய்த்தேன், உதிர்ந்தது.

மெயினை அணைத்துவிட்டு மல்டிமீட்டரின் ஓம் அளவில் அந்த ஒட்டை அளக்க முயன்றேன். ஒரு தடவை 0.5, ஒரு தடவை 0.4, அசைத்தால் 0.7. மீட்டரின் இரண்டு முனையையும் தொட்டாலே 0.3 காட்டுகிறது. அரை ஓம் தேடும் இடத்தில் இந்த அளவுக்கு மதிப்பில்லை. 26 ஓம் காயிலுக்குப் போதுமான கருவி இந்த இடத்துக்குப் போதாது.

அதனால் மறுபடியும் வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்தே தடையைக் கண்டோம். மெயின் அணைந்திருக்கும்போதே ஒட்டின் இரு பக்கமும் வயரைக் கொஞ்சம் சீவி, மூடிய கிளிப் மாட்டி, மீட்டரைத் தள்ளி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். ஏணியையும் எடுத்துவிட்டு, ஆட்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத்தான் மெயினைப் போட்டோம். எண்ணைப் படித்ததும் அணைத்தோம். உயிருள்ள வயரில் கை வைக்காத இந்த வரிசையை மாற்றக் கூடாது. பழகாதவர்கள் இதைச் செய்யவே கூடாது.

ஃபேஸ் ஒட்டின் குறுக்கே 6.1 வோல்ட். திரும்பி வரும் வயரான நியூட்ரலின் ஒட்டில் 0.9 வோல்ட். ஆம்பியர் அதே 14.4.

6.1 ÷ 14.4 = 0.42 ஓம். 0.9 ÷ 14.4 = 0.06 ஓம். தேடிய அரை ஓம் கிடைத்துவிட்டது. 6.1 × 14.4 = 88 வாட். நியூட்ரலில் 13 வாட்.

88 வாட் என்பது ஹீட்டருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மாத பில்லிலும் அது தெரியாது. ஆனால் அந்த 88 வாட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். 40 மீட்டர் வயர், போக வர 80 மீட்டர், மொத்தமும் சேர்ந்து 115 வாட் தின்கிறது. மீட்டருக்கு ஒன்றரை வாட்கூட இல்லை. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதற்குச் சற்றே குறைவான சூடு முழுவதும் ஒரு விரல் நீள ஒட்டில், பாட்டிலுக்குள் அடைபட்டு, காய்ந்த மரத்தோடு ஒட்டியிருந்தது. நான் பயன்படுத்தும் பெரிய ஈயப்பற்று இரும்பே 60 வாட்தான்.

ஒட்டு ஏன் இப்படி ஆனது என்பதும் புதிர் இல்லை. அலுமினியத்தின் மேல் காற்று பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் வந்துவிடும், அது மின்சாரத்தைக் கடத்தாது. செம்போடு சேர்த்து முறுக்கி, ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். சூடாகும்போது இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, அலுமினியம் அழுத்தத்தில் நசுங்கியும் கொடுக்கும். அதனால் பிடி தளரும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும். மூன்று வருடமாக இது உள்ளேயே நடந்துகொண்டிருந்தது.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பிரேக்கர் 32 ஆம்பியர். ஓடியது 14.4. ஒட்டின் தடை ஓட்டத்தைக் கூட்டவில்லை, உண்மையில் அரை ஆம்பியர் குறைத்துத்தான் இருந்தது. பிரேக்கரின் கண்ணுக்கு எல்லாம் சுகமாகத்தான் தெரிந்திருக்கும். வயர் தாங்குவதைவிட அந்தப் பிரேக்கர் பெரிது என்பது தனிக் குறை.

ரெகுலேட்டர் வேண்டாம் என்று சொன்னது ஏன்

ரெகுலேட்டரை மடைப்பள்ளியில் வைத்திருந்தால் தண்ணீர் வேகமாகக் கொதித்திருக்கும். அதுதான் பெரிய ஆபத்து. எல்லோரும் பழுது சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பார்கள்.

அது வோல்ட்டை எங்கிருந்தோ கொண்டுவருவதில்லை. முன்பக்கம் கூடுதலாக ஆம்பியர் இழுத்துத்தான் பின்பக்கம் வோல்ட்டை ஏற்றுகிறது. கொப்பரைக்கு 230 வோல்ட் கொடுத்து 4,000 வாட் தள்ள வேண்டுமானால், அதே பழைய வயர் வழியாக 22 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ரெகுலேட்டரின் சொந்த நட்டத்தைச் சேர்க்காமலே இது. 14.4-லிருந்து 22.3 ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் ஒட்டில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் கூடும். 22.3 × 22.3 × 0.42 = 209 வாட். 88 வாட்டில் சட்டம் கரியாகிறது. 209 வாட்டில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. ஐயா அந்தக் கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். 32 ஆம்பியர் பிரேக்கர் அப்போதும் விழுந்திருக்காது.

உபயதாரரிடம் நானும் ஐயாவும் சேர்ந்து போனோம். கொடுத்த காசை வேறு வழிக்குத் திருப்புகிறார்களே என்று அவருக்கு மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்ற கவலை எங்களுக்கு இருந்தது. கருகிய ஒட்டை அவர் முன்னால் வைத்தோம். சீட்டுக் கணக்கையும் காட்டினோம். "அம்மனுக்குன்னு கொடுத்தது, எது சரியோ செய்யுங்க" என்றார்.

அடுத்து இரண்டு வழி இருந்தன. ஒட்டை மட்டும் வெட்டி, செம்பையும் அலுமினியத்தையும் சேர்ப்பதற்கென்றே உள்ள கனெக்டர் போட்டு, மூடிய பெட்டிக்குள் வைக்கலாம். செலவு குறைவு, அடுத்த வெள்ளிக்கும் தயார். இல்லையென்றால் முழு வயரையும் எடுத்துவிட்டு, போர்டிலிருந்து மடைப்பள்ளி வரை நடுவில் ஒட்டே இல்லாத 4 சதுர மி.மீ. செம்பு இழுக்கலாம். மழை இன்னும் மூன்று மாதம் அடிக்கும், கூரை ஒழுகுகிறது, கனெக்டரை ஏறிப் பார்த்து இறுக்க ஆள் இல்லை. அதனால் இரண்டாவது வழியைக் கேட்டேன், கமிட்டி ஒப்புக்கொண்டது. 6 சதுர மி.மீ. போடலாமா என்று ஒருவர் கேட்டார். கணக்குப் பார்த்தால் கொப்பரைக்குக் கூடுதலாக 50 வாட்தான் கிடைக்கும். அந்தக் காசுக்கு அது தகாது.

வயர் வந்து சேரும் வரை ஹீட்டர் பிளக்கை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். 'போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மழை நாளில் அவசரத்துக்கு யாராவது போடுவார்கள். மூன்றாம் வெள்ளி முழுவதும் விறகுதான். அக்காவும் மற்ற பெண்களும் புகையில் கண் எரிய அதிகாலை மூன்று மணிக்கே உலை வைத்தார்கள். கூழ் வழக்கமான நேரத்துக்கு வந்தது.

பிறகு நடந்தது

செவ்வாய்க்கிழமை புது வயர் இழுத்தோம். பிரேக்கரை 20 ஆம்பியருக்கு மாற்றினோம். இரு முனையிலும் திருகை இறுக்கிவிட்டு, பழையபடி இருவரும் இரண்டு இடத்தில் நின்று அளந்தோம். ஓடாதபோது அன்றைக்கும் 212. ஓடும்போது போர்டில் 206, மடைப்பள்ளியில் 200.6, ஆம்பியர் 15.1.

வழியில் தொலைவது 5.4 வோல்ட். 5.4 ÷ 15.1 = 0.36 ஓம். வயரின் நீளத்தையும் கனத்தையும் வைத்துப் போட்ட கணக்கில் 0.34 வந்திருந்தது. மிச்சம் இரு முனைத் திருகுகளில் இருக்கலாம், அது இயல்பு. வழியில் சூடாவது 82 வாட், அதுவும் 80 மீட்டரில் பரவலாக. கொப்பரைக்குப் போவது 200.6 × 15.1 = 3,029 வாட்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் கொதிப்பதில் பெரிய மாற்றம் வரவில்லை. 2,750 வாட் 3,029 ஆனது, பத்து நிமிடம் மிச்சம். மீதிக் குறை தெருவிலிருந்தே வருகிறது. கம்பத்தில் 230 இல்லை, அதற்கும் மேலாகக் கம்பத்திலிருந்து போர்டு வரையிலும் 6 வோல்ட் போகிறது. அதைச் சரிசெய்யக் கேட்டுக் கமிட்டி எழுதிக் கொடுத்திருக்கிறது, அது நம் கையில் இல்லை. வேகம் வேண்டும் என்றுதான் அவர் கூப்பிட்டார். நாங்கள் தடுத்தது தீ. "அது போதும் தம்பி, நான் அரை மணி முன்னாடியே போட்டுக்கறேன்" என்றார். கொப்பரைக்குச் சரியான மூடி இல்லாமல் இருந்ததை அன்றுதான் கவனித்தோம். ஒரு மூடி அடித்துக் கொடுத்தார்கள். மூடிக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமானது.

மறுபடி செய்தால்

முதல் நாளே லோடை ஓடவிட்டு, இரு முனையிலும் வோல்ட், நடுவில் ஆம்பியர் என்று மூன்று எண்ணையும் எடுப்பேன். அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்திருந்தால் காயில் செலவு இல்லை, இரண்டாம் வெள்ளியின் ஆபத்தும் இல்லை. அந்த வெள்ளிக்குத் தாழ்வாரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

காயிலைக் குற்றம் சொல்லும் முன் பொறித்த வாட்டிலிருந்து ஓமைக் கணக்குப் போட்டு, அளந்த ஓமோடு ஒப்பிடுவேன். என்னோடு வேலை பழகும் தம்பிக்கு இப்போது முதல் பாடம் இதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் இஸ்திரிப் பெட்டியையோ சோற்றுப் பானையையோ எடுத்துப் பொறித்த எண்ணிலிருந்து தடையைச் சொல்லச் சொல்வேன், பிறகு அளந்து பார்ப்போம்.

பழகாத கட்டடத்தில் வயரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணால் தொடர்வேன். அந்த ஒட்டை நான் மூன்று வருடமாகக் கடந்து போயிருக்கிறேன்.

வாடை அடித்த அன்றே நான் போயிருக்க வேண்டும். அக்கா அணைத்துவிட்டார் என்ற தைரியத்தில் மறுநாள் போனேன். மெயினை அணைத்து அந்த லைனைக் கழற்றி வைக்கவாவது அன்று இரவே போயிருக்கலாம்.

போர்டிலும் மடைப்பள்ளியிலும் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒவ்வொன்று மாட்டியிருக்கிறோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஹீட்டர் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மூன்று எண்ணை அதில் எழுத வேண்டும். இரண்டு வோல்ட்டுக்கும் வித்தியாசம் 7-ஐத் தாண்டினால் அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். கடைசி ஆடி வெள்ளியில் அக்கா எழுதியது: போர்டு 205, இங்கே 200, ஆம்பியர் 15.0. அதற்குக் கீழே அவரே கழித்து 5 என்று போட்டு வட்டமிட்டிருந்தார்.